கருப்பசாமி அண்ணனின் வலது கை

கருப்பசாமி அண்ணன் இறந்துவிட்டார்.

திருப்பூரில் நெஞ்சு வலியாம்... நேற்று காலையில் உடம்பை ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

எங்கள் பழைய கபடி டீம் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. பதினொரு பேரும் பார்த்தோம். ஒருத்தன்கூட ஒரு கும்பிடு போடவில்லை. நானும் போடவில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். அண்ணன் எங்கள் கேப்டன். செமி ஃபைனலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எதிர் டீமிடம் விலை போனவர். ஒன்பது வருடமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

முதலில் சொன்னது எங்கள் டீம் மேனேஜர். என் சொந்த சித்தப்பா. “ஏலே, கருப்பசாமி வெல போயிட்டான்லே. கார்ல ஏறிப் போனத என் கண்ணால பாத்தேன்.”

அண்ணன் லெஃப்ட் கார்னர். நான் அவருக்கு அடுத்து. ரெய்டர் உள்ளே வரும்போது அவருடைய வலது கையும் என் இடது கையும் கோத்திருக்கும். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் பிடி. இரண்டு அழுத்து என்றால் விடு.

எட்டு வருடம் அந்தக் கட்டைவிரல் சொன்னபடிதான் ஆடினேன்.

பட்டாசுக் கம்பெனி வேலை முடிந்து உடம்பெல்லாம் அலுமினியப் பொடி மினுமினுக்க கிரவுண்டுக்கு வருவோம். குளிக்காமல் வந்தவனைக் கோட்டுக்குள் விடமாட்டார். “மருந்தக் களுவிட்டு வாலே... ஒன்னப் பிடிச்சா எனக்குல்ல அரிக்குது!”

வெம்பக்கோட்டை பக்கம் நடந்த அந்த செமி ஃபைனலில் அவர் இடத்தில் வேறு ஒருவன் நின்றான். நல்ல பிளேயர்தான். ஆனால் அவன் கை என் கையில் சும்மா கிடந்தது. எப்போது பாய வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

தோற்றதுகூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான்...

எங்கள் மெயின் ரெய்டர் ஒரு முறை சுலபமாகப் பிடிபட்டான். “இவனும் வாங்கிட்டானோ?” என்று யாரோ முணுமுணுத்தது அவன் காதில் விழுந்தது. மறுநாள் பிராக்டிஸுக்கு வரவில்லை. அவன் வராததால் அவனோடு பைக்கில் வருகிறவன் மேலும் சந்தேகம்.

தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் ஒருத்தன் போனை எடுத்தால், யாரோடு பேசுகிறான் என்று எட்டிப் பார்த்தோம். நான்தான் அதிகம் எட்டிப் பார்த்தவன்.

அடுத்த கோயில் பொங்கல் மேட்சுக்கு இறக்க ஏழு பேர் தேறவில்லை.

அண்ணன் அதற்குள் திருப்பூர் போய்விட்டார். குற்றம் உள்ள மனசு ஊரில் எப்படி இருக்கும் என்று பேசிக்கொண்டோம்.

மூன்று வருடம் கழித்து என் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தார். முழுக்கைச் சட்டை, வலது கையைச் சுற்றி ஒரு துண்டு. கிஃப்ட் பார்சலை என்னிடம் இடது கையால் நீட்டினார்.

கல்யாண வீட்டில்... இடது கையால்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பக்கத்தில் நின்ற சித்தப்பா, “பாத்தியாலே திமிர” என்றார். வாங்கி ஓரமாக வைத்தேன். சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.

நேற்று அஞ்சலி செலுத்தப் போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எதிர் டீம்காரன் எவனாவது மாலையோடு வருகிறானா என்று பார்க்கத்தான் போனேன். ஒருவரும் வரவில்லை.

குளிப்பாட்டிக் கிடத்தி, இரண்டு கைக் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அப்போதுதான் பார்த்தேன். வலது கையில் மற்ற நான்கு விரல்களும் வெந்து, ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டு இருந்தன.

நான் பார்ப்பதை அவர் மனைவி பார்த்துவிட்டார். எங்களுக்கெல்லாம் மதினி.

“ஒங்க சித்தப்பா ஷெட்டுலதான் தம்பி. ஞாயித்துக்கெளம, ஆர்டர் அவசரம்னு கூப்பிட்டாக. மருந்து பத்திக்கிருச்சு. வெளிய தெரிஞ்சா அவுகள உள்ள தூக்கி வச்சிருவாக, டீம் நின்னு போயிரும்னு இவுக வாயே தெறக்கல.”

எங்கள் வீட்டுக்குப் பின்னால் லைசென்ஸ் இல்லாமல் ஓடிய பட்டாசு ஷெட் அது.

“அப்ப அந்தக் கார்?” என்று கேட்டேன். அந்த நேரத்திலும் என் புத்தி அங்கேதான் நின்றது.

“மதுர ஆஸ்பத்திரிக்குப் போன வாடகக் காரு.”

சித்தப்பா கண்ணால் பார்த்தது உண்மைதான். கதவைத் திறந்து ஏற்றிவிட்டதே அவர்தானாம்.

மதினி சொல்வதையும் கொஞ்ச நேரம் சந்தேகப்பட்டேன். பிறகு ஞாபகம் வந்தது... அந்த வாரம்தான் சித்தப்பா ஷெட்டைப் பிரித்து மாட்டுக்கொட்டகை ஆக்கினார். ஒரு தகரம் முழுக்கக் கரி. கேட்டதற்கு, “குப்பைல பிடிச்ச தீலே” என்றார். அதைத் தூக்கி ஓரமாகப் போட்டவன் நான்.

ஊரில் யார் செத்தாலும் துஷ்டிக்குப் போகாமல் விடாத மனுஷன், நேற்று முட்டி வலி என்று வரவில்லை.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். “அண்ணன் கையப் பாத்தேன் சித்தப்பா” என்றேன்.

டிவி சவுண்டைக் கூட்டினார். விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தப் பதிவை அவர் படிப்பார். எங்கள் வீட்டில் எல்லோரும் படிப்பார்கள். அழி என்று போன் வரும். அழிக்க மாட்டேன். குரூப்பிலும் போடுகிறேன்... பதினொரு பேரும் படியுங்கள்.

அண்ணே... நீங்கள் பேசாமல் இருந்தால் டீம் நிற்கும் என்று நினைத்தீர்கள். அதுவும் நிற்கவில்லை.

தூக்குவதற்கு முன்னால் உங்கள் வலது கட்டைவிரலை அழுத்தினேன். ஒரே ஒரு தடவைதான்.

போயிட்டு வாங்கண்ணே.