பெயர் மாற்றப்பட்டுள்ளது

ஜெயப்பிரியாவுக்குச் செய்தியைச் செய்தியாக மட்டும் படிக்க வராது. செங்கல்பட்டில் ஒரு லாரி கம்பெனி ஆபீசில் பில் போடும் வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பேப்பர்களைப் புரட்டுவாள். 'நெருங்கிய வட்டாரங்கள் தெரிவித்தன' என்று எங்காவது கண்ணில் பட்டால் சோறு இறங்காது. எந்த வட்டாரம், யாரிடம் தெரிவித்தது என்று குடைய ஆரம்பித்துவிடுவாள். தேர்தல் சமயத்தில் அதற்கென்றே ஒரு வலைப்பக்கம் தொடங்கினாள். படிக்க ஆள் சேர்ந்துவிட்டது.

வளைகுடாவில் சண்டை மூண்டபோது அந்தப் பழக்கம் வெறியாகவே ஆனது. அப்போதுதான் பெஞ்சமின் எழுதிய செய்தி வந்தது. பெஞ்சமின் ஒரு நாளிதழின் மாவட்ட நிருபர். அங்கே ஒரு துறைமுகத்தில் சிக்கிய சரக்குக் கப்பலில் வேலை செய்யும் ஒருவரின் மனைவி, கல்பாக்கம் பக்கத்துப் பெண், பேசியிருந்தாள்: "குண்டு விழுந்ததும் கேப்டன் எங்களை விட்டுட்டு ஓடிட்டான்னு அவர் அழுதார்." கீழே, பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று ஒரு வரி.

இதே வாக்கியத்தை இரண்டு நாள் முன்பு ஒரு ஆங்கிலத் தளத்தில், கேரள மாலுமி ஒருவர் சொன்னதாக ஜெயப்பிரியா படித்திருந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினாள்: 'அப்படி ஒரு பெண்ணே இல்லை.' சாயங்காலத்துக்குள் அது எங்கெங்கோ போனது.

பெஞ்சமினே போன் செய்தார். "அந்தப் பொண்ணு இருக்காங்க மேடம். பேர் மட்டும் கேக்காதீங்க."

"பேசினது ரெக்கார்டு இருக்கா?"

"இல்ல."

அதையும் எழுதினாள். பேப்பர் ஆபீஸ் பெஞ்சமினிடம் விளக்கம் கேட்டது.

அடுத்த வாரம் வலைப்பக்கத்தில் இருந்த நம்பருக்கு ஒரு பெண்ணின் குரல் செய்தி வந்தது. "அக்கா, நான் இல்லைன்னு எழுதிட்டீங்க. நான் கீறேன்க்கா."

விலாசம் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்துப் போனாள். புதுப்பட்டினம் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. குரல் செய்தி அனுப்பிய மஹீராவுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். டீயை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கை மட்டும் போனை விடவில்லை.

"கேப்டன் சேதி, கப்பல்ல இருக்கறவங்க வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் போட்டதுக்கா. எங்க வூட்டுக்காரரும் எனக்கு அனுப்பிச்சாரு. அதத்தான் சாருகிட்ட சொன்னேன்."

"ஓடிட்டான்னு சொன்னியா?"

"இல்ல. கேப்டன் எறங்கிப் போயிட்டாருன்னு சொன்னேன். அடிபட்டுப் போனாரா, பயந்து போனாரா, எனக்கு இன்னா தெரியும்?"

ஜெயப்பிரியாவுக்கு உள்ளே பரபரத்தது. சொன்னதைத் திரித்திருக்கிறார்கள், ஆதாரம் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறது. மஹீரா அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"இதயும் எழுதிடாதீங்கக்கா. யாரு பேசினதுன்னு கப்பல் கம்பெனியில தேடிகினு கீறாங்களாம். அவரு இன்னும் அங்கதான் கீறாரு."

பஸ்ஸில் திரும்பும்போது ஜெயப்பிரியா எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் போட்டது மூன்றே வரி: அந்தப் பெண் இருக்கிறார். நான் பார்த்தேன். நான் எழுதியது தவறு.

எவ்வளவு பணம் வாங்கினாய் என்று வலைப்பக்கத்தைப் படிப்பவர்கள் கேட்டார்கள். பாதிப் பேர் போய்விட்டார்கள்.

பெஞ்சமினுக்குப் போன் செய்து, "எறங்கிப் போயிட்டாரு எப்படி சார் ஓடிட்டான் ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஆபீஸ்ல எடிட் பண்ற டெஸ்க்ல மாத்திட்டாங்க" என்றார். போனை வைக்கப் போனவர் மறுபடி பேசினார். "இல்ல மேடம். நான்தான். அந்த மலையாளத்துக்காரர் சொன்னதப் படிச்சிருந்தேன். அது மனசுல ஓடிகிட்டே இருந்துச்சு. வேற மாதிரி எழுத வரல."

மறுநாள் பெஞ்சமினின் பேப்பரில் ஏழாம் பக்கத்தின் அடியில் ஒரு சின்னத் திருத்தம் வந்தது: கேப்டன் ஓடியதாக அந்தப் பெண் கூறவில்லை. பெஞ்சமினைக் கோர்ட் செய்திக்கு மாற்றினார்கள்.

மழை தொடங்கும் சமயத்தில் மஹீராவின் கணவன் தௌசிஃப் ஊர் திரும்பினான். ஜெயப்பிரியா பிஸ்கட் பாக்கெட்டோடு பார்க்கப் போனாள். இளைத்து, தாடி விட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்த கேப்டன்... நெஜமா இன்னா ஆச்சு?"

"எனக்குத் தெரியாதுக்கா" என்றான் தௌசிஃப். "நான் கீழ இஞ்சின் ரூம்ல இருந்தேன். மேல இருந்தவங்க சொன்னாங்க."

மேலே இருந்தவர்கள் யார், அவர்கள் நம்பர் இருக்கிறதா என்ற கேள்வி நாக்கு வரை வந்தது. மஹீரா சாப்பிடக் கூப்பிட்டாள். ஜெயப்பிரியா கை கழுவ எழுந்தாள்.