சதுரங்கப்பட்டினம் போரின் நான்காம் தாள்

ஜானகிராமனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. மாமல்லபுரத்தில் ஒருமுறை மைத்துனன் பிள்ளைகளின் நச்சரிப்புக்காகப் படகில் ஏறி, கரையிலிருந்து நூறடி போவதற்குள் முகம் வெளுத்துத் திரும்பிவிட்டார். ஆனாலும் கல்பாக்கம் நகரியத்தில் பாய்மரக் கப்பல், பீரங்கி, கடற்போர் என்று யார் பேச்செடுத்தாலும், "அதுக்கு ஜானகிராமன் சாரைக் கேளுங்க" என்பார்கள். அந்த ஒரு வாக்கியம் காதில் விழுவதற்காகத்தான் அவர் எட்டு வருடம் உழைத்திருந்தார்.

சொந்த ஊர் பாபநாசம். எழுபத்தொன்பதில் அணு ஆராய்ச்சி மையத்தின் வரைபடப் பிரிவில் சேர்ந்தார். குழாயும் வால்வும் வரைகிற வேலை. கோடு சுத்தமாக விழும், எழுத்து அச்சடித்தது போல இருக்கும். ஆனால் அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக மேலே போனார்கள். யார் மேசையில் புதுப் பெயர்ப்பலகை வந்தாலும் அன்றைக்கு ஜானகிராமனுக்குச் சோறு இறங்காது. அவர் மனைவி ஞானம்பாள் தட்டில் மிஞ்சியதைப் பார்த்தே, "இன்னிக்கு யாருக்குப் பிரமோஷன்?" என்று கேட்பாள்.

எண்பத்தெட்டில் ஒருநாள் நூலகத்தில் கழித்துப்போட்ட புத்தகக் கட்டில் ஒரு பழைய கடற்படை வரலாறு கிடைத்தது. புரட்டிக்கொண்டே போனவர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். தன் குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத்தில் போய்ச் சேருகிற சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே, 1782 பிப்ரவரி பதினேழாம் தேதி, ஆங்கிலேயர்களின் ஒன்பது போர்க்கப்பல்களும் பிரெஞ்சுக்காரர்களின் பன்னிரண்டு போர்க்கப்பல்களும் மோதியிருக்கின்றன. பக்கத்து வீட்டில் யாருக்கும் இது தெரியாது. பிரிவுத் தலைவருக்கும் தெரியாது. இது தனக்கே தனக்கு என்று ஜானகிராமன் அன்றே முடிவு செய்துகொண்டார்.

பிறகு சென்னைக்குப் போகும்போதெல்லாம் நூலகம் நூலகமாக ஏறி இறங்கினார். கடைசியில் அந்த ஒரு சாயங்காலத்தை நான்கு பெரிய தாள்களில் வரைந்தார். மூன்றரை மணி, நாலரை மணி, ஐந்தரை மணி, ஆறரை மணி. அந்தக் காலத்துக் கப்பல்களுக்குப் பீரங்கியெல்லாம் பக்கவாட்டில்தான். அதனால் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நின்றுதான் சுடவேண்டும். காற்று யார் முதுகுப் பக்கம் இருக்கிறதோ அவர்கள் நினைத்த இடத்தில் போய்த் தாக்கலாம். எதிரில் இருப்பவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். அன்றைக்குக் காற்று வடகிழக்கிலிருந்து அடித்தது. பிரெஞ்சுத் தளபதி அதை முதுகில் வாங்கிக்கொண்டு ஆங்கிலேய வரிசையின் பின்பாதிமேல் பாய்ந்தான். முன்னால் போய்விட்ட நான்கு ஆங்கிலக் கப்பல்களால் எதிர்காற்றில் திரும்பி வர முடியவில்லை. பின்னால் இருந்த ஐந்தும் அடி வாங்கின. ஒன்றில் பாய்மரமெல்லாம் முறிந்து, தலைவனும் செத்துப்போனான். ஆறு மணி வாக்கில் திடீரென்று காற்று தென்கிழக்குக்குத் திரும்பியது. முன்னால் போன நான்கும் உடனே திரும்பி வந்து சேர்ந்துகொள்ள, பிரெஞ்சுக்காரன் விலகிப் போனான். நான்காம் தாளில் அந்த இடத்தில் ஜானகிராமன் தன் அழகான எழுத்தில், 'அதிர்ஷ்டவசமாகக் காற்று மாறுகிறது' என்று எழுதியிருந்தார்.

அந்தத் தாள்களுக்கு நகல் எடுத்துக்கொடுத்தவன் எல்லப்பன். வரைபடப் பிரிவின் கடைசி அறையில், கண்ணை எரிக்கும் அம்மோனியா வாடைக்கு நடுவில், அச்சு இயந்திரத்தோடு நிற்பவன். வாயலூர்க்காரன். அவன் அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். அந்தக் குடும்பத்தில் முதல் மாதச் சம்பளம் அவனுடையது. மத்தியானத்துக்கு மேல் இயந்திரம் சும்மா இருக்கும் நேரத்தில் ஜானகிராமனின் கப்பல்களை நகல் எடுப்பான். "இந்தக் கப்பல இன்னும் கொஞ்சம் நவுத்தி வெச்சுகினீங்களா சார்?" என்று கேட்பான். ஜானகிராமன் பதில் சொல்லமாட்டார். அவனுக்கு என்ன புரியப்போகிறது என்று நினைப்பு.

தொண்ணூற்றாறு பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாம் கெட்டது.

நகரியத்து வரலாற்றுக் கழகம் அந்தப் போரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போடுவதாக இருந்தது. நடுவில் ஜானகிராமனின் நான்கு தாள்களும் மடித்து வைக்கப்படும். முன்னுரைக்காகக் கடற்படையில் கமாண்டராக இருந்து ஓய்வுபெற்ற ஆபிரகாம் வந்திருந்தார். அச்சரப்பாக்கத்தில் பிறந்தவர், மாமல்லபுரத்தில் குடியிருப்பவர். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையின் இடிந்த மதில்மேல் தாள்களை விரித்து, பறக்காமல் செங்கல் துண்டுகளை வைத்து, ஜானகிராமன் ஒரு மணி நேரம் பேசினார். அவர் வாழ்நாளில் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. தாள் சுருளைத் தூக்கிவந்த எல்லப்பன் ஓரமாக நின்றான்.

கமாண்டர் நான்காம் தாளுக்கு வந்ததும் குனிந்து படித்தார். "அதிர்ஷ்டம்னு போட்டிருக்கீங்களே. காத்து எதனால மாறுச்சு?"

புத்தகங்களில் அதற்குக் காரணம் சொல்லவில்லை என்றார் ஜானகிராமன். கடலில் இப்படி நடப்பதுண்டு, கணிக்க முடியாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

"சார், நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றான் எல்லப்பன். "மாசி பொறந்துட்டா தெனமும் அப்டித்தான் சார். களத்துல நெல்லு தூத்தச்சொல்ல, மதியானத்துல வாடைக்கு முதுகக் காட்டிகினு நிப்போம். பொழுது சாயச்சொல்ல காத்து தென்கிழக்கால திரும்பிக்கும். அப்ப எல்லாரும் எடம் மாறி நின்னுக்கணும். மாறலன்னா பதர் மூஞ்சிலயே அடிக்கும்."

கமாண்டர் நிமிர்ந்தார். தேதியை விரலில் எண்ணிப் பார்த்தார். பிப்ரவரி பதினேழு, மாசி மாதத்தின் முதல் பத்து நாளுக்குள் வருகிறது. உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் எப்படி என்று கேட்டார்.

"கருங்குழில எங்க சித்தப்பா வூடு கீது. அங்க ஒரு மணி நேரம் லேட்டாத்தான் வரும். நம்ம பஸ்ஸு மாதிரி."

கமாண்டர் சிரித்த சிரிப்பில் மதில் இடுக்கிலிருந்த மைனா பறந்தது. "சாயங்காலம் கடல்லேருந்து ஊருக்குள்ள ஏறுற காத்து இது. எட்டு வருசமா லைப்ரரில தேடினது களத்துல கெடந்திருக்கு பாருங்க ஜானகிராமன்" என்றார். அதற்கப்புறம் அவர் ஜானகிராமன் பக்கம் திரும்பவே இல்லை. கோட்டைப் படியில் எல்லப்பனைப் பக்கத்தில் உட்கார வைத்து, வாடை எந்த மாதம் தொடங்கும், எந்த மாதம் ஓயும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிளாஸ்கில் கொண்டுவந்த காபியை ஞானம்பாள் ஜானகிராமனுக்காகத்தான் போட்டுக்கொடுத்திருந்தாள். அதன் மூடியில் ஊற்றி எல்லப்பன் குடித்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கும் தட்டில் சோறு மிஞ்சியது. ஞானம்பாள் கேட்டாள். "யாருக்கும் இல்லை" என்று எரிந்து விழுந்தார்.

ஒரு வாரத்தில் கமாண்டரின் கடிதம் வந்தது. உறையின்மேல் இருந்ததென்னவோ ஜானகிராமன் பெயர்தான். உள்ளே முக்கால் பக்கம் எல்லப்பன். 'அதிர்ஷ்டவசமாக' என்ற சொல்லை எடுத்துவிட்டு, காற்று மாறிய காரணத்தை எழுதி, திருத்தக் கட்டத்தில் உரியவர் பெயரைப் போட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு வரைபடத்திலும் வலதுபக்கக் கீழ்மூலையில் ஒரு கட்டம் உண்டு. வரைந்தவர் பெயர் ஓரிடத்தில். அதற்குமேல், பின்னால் வந்த திருத்தம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, அந்தத் தவறைக் கண்டுபிடித்தவர் பெயரோடு. கண்டுபிடித்தவன் கடைநிலை ஊழியனானாலும் அவன் பெயரைத்தான் போடவேண்டும் என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் கறாராக நின்றவரே ஜானகிராமன்தான். இப்போது அந்த விதி தன் வயிற்றிலேயே வந்து குத்துகிறது.

அவருடைய மூன்றாம் தாளில் ஐந்து பிரெஞ்சுக் கப்பல்கள் தள்ளித் தள்ளி நிற்கும். நெருங்கி வந்து சுடு என்று தளபதி கொடி ஏற்றிய பிறகும் அவற்றின் தலைவர்கள் எட்டவே நின்றுகொண்டார்கள். தளபதிமேல் இருந்த பொறாமைதான் காரணம் என்று எழுதியவர்கள் உண்டு. எட்டு வருடமாக அந்த ஐந்து பேரையும் ஜானகிராமன் திட்டித் தீர்த்திருக்கிறார். இந்த வாரம் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தபோது, அவர்கள் பக்கமும் ஏதோ நியாயம் இருக்கும் போலப் பட்டது.

நேரடியாகச் சரிபார்க்காமல் எந்தத் திருத்தமும் ஏற்க முடியாது என்று எல்லப்பனிடம் அறிவித்தார். சொன்ன தோரணையே, பொய் சொல்லியிருந்தால் இப்போதே ஒத்துக்கொள் என்பது போல இருந்தது.

எல்லப்பன் அதற்கெல்லாம் அசரவில்லை. "வந்து பாருங்க சார். எங்க அக்கா சந்திரம்மா இப்பவும் தூத்திகினுதான் கீது. பேரு போடறதுன்னாகூட அக்கா பேரையே போட்டுருங்க. நான் எந்தக் காலத்துலயோ ஓடியாந்து இந்த மெஷின்கிட்ட நின்னுட்டேன்."

பேர் வேண்டாம் என்கிறான். ஜானகிராமனுக்கு அதுதான் இன்னும் எரிந்தது. தான் எட்டு வருடம் நாயாக அலைந்தது எதற்காகவோ, அதை இவன் வெற்றிலை பாக்கு போல எடுத்து நீட்டுகிறான்.

பிப்ரவரி பதினேழு சனிக்கிழமை. விடுமுறை நாள். ஜானகிராமன் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, ஒரு திசைகாட்டியும் நோட்டுப் புத்தகமுமாக வாயலூர்க் களத்துக்குப் போய்ச் சேர்ந்தார். காற்று மாறக்கூடாது என்று வழியில் தென்பட்ட பிள்ளையாரிடம் வேண்டிக்கொள்ளவும் செய்தார்.

களத்தில் ஆறேழு பெண்கள். நடுவில் முண்டாசு கட்டி நின்றவள் சந்திரம்மா. முறத்தைத் தலைக்குமேல் தூக்கிச் சரித்தாள். நெல் நேராக விழுந்தது, பதர் தென்மேற்கே பறந்தது. ஜானகிராமன் எழுதினார்: மூன்றரை மணி, வடகிழக்கு. நாலரைக்கும் அதேதான். ஐந்து மணிக்கு அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. கமாண்டருக்கு எழுதவேண்டிய பதிலை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். 'நேரில் ஆய்வு செய்ததில்' என்று தொடங்கலாம்.

ஐந்தரை தாண்டியதும் காற்று செத்ததுபோல நின்றது. பெண்கள் முறத்தை இறக்கிவிட்டு, ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லாமல், குவியலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாறி நின்றார்கள். ஜானகிராமன் திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

"இன்னா சார், அங்கியே நின்னுகினு கீறீங்க? இந்தாண்ட வந்துருங்க" என்றாள் சந்திரம்மா.

அவர் அளவெடுப்பதாகச் சொன்னார்.

"அளந்துக்கோங்க. சட்ட போச்சுன்னா என்னியக் கேக்காதீங்க."

மூன்றாவது முறம் சரியும்போது தென்கிழக்கிலிருந்து காற்று வந்தது. பதர் மொத்தமும் ஜானகிராமன்மேல் விழுந்தது. மூக்குக்கண்ணாடி, மூக்கு, வாய், சட்டைப்பை எங்கும் பதர். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். சந்திரம்மா மட்டும் சிரிக்காமல் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கண்ணைக் கழுவிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணி ஐம்பது நிமிடம். நோட்டைத் திறந்தார், மூடினார். ஒருவழியாக எழுதினார்.

திங்கட்கிழமை நான்காம் தாளை எடுத்தார். 'அதிர்ஷ்டவசமாக' என்பதைப் பிளேடால் சுரண்டினார். காற்று மாறிய விவரத்தை எழுதினார். திருத்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. 'உள்ளூர் மக்கள்' என்று போட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? தன் எழுத்தைவிட ஒரு அளவு சின்னதாகப் போட்டால்? சின்ன எழுத்து ஸ்டென்சிலைக் கையில்கூட எடுத்துவிட்டார். பிறகு, பதினேழு வருடப் பழக்கம் விடவில்லை. அதே அளவில், அதே மையில், 'திருத்தம் 1: காற்றின் திசை. சந்திரம்மா, வாயலூர்' என்று எழுதி முடித்தார். எல்லப்பன் கேட்டது அதுதானே. யாரும் குறை சொல்ல முடியாது.

தாளை அவரே அச்சு அறைக்கு எடுத்துப்போனார். எல்லப்பன் இயந்திரத்துக்குள் விட்டான். நகல் ஈரமாக வெளியே வந்தது. அவன் கண் நேராக மூலைக்குப் போனதை ஜானகிராமன் கவனித்தார். படித்தான். இன்னொரு தடவை படித்தான். முகம் சுண்டிவிட்டது.

"அக்கா பேரே போட்டுட்டீங்களா சார்?"

"நீதானே சொன்னே."

"சொன்னேன். ஒரு மரியாதிக்கி சொல்றதுதான் சார்." தாளை மேசையில் வைத்து அநாவசியமாகத் தடவி நீவினான். "கோட்டையில கமாண்டருக்கு எடுத்துச் சொன்னது நான்தானே. அதுக்கு இன்னா தெரியும், தூத்த மட்டும்தான் தெரியும்."

ஜானகிராமனுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை, யாராவது மேலே போகும் நாளில், அலுவலகக் கழிப்பறைக் கண்ணாடியில் பார்க்கிற முகம். ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கனம் சட்டென்று பாதியாகக் குறைந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்தார்.

"கட்டத்துல இடமில்லையே எல்லப்பா" என்றார்.

எல்லப்பன் எத்தனையோ ஆயிரம் தாள்களை நகல் எடுத்தவன். அவன் வாதாடவில்லை. அக்கா பெயருக்கு அடுத்திருந்த வெற்று வரிமேல் விரலை வைத்தான். அந்த வரி தாண்டி இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. விரலை எடுக்காமல் நின்றான்.

ஜானகிராமன் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். போடாமல் இருந்துவிடலாம். அக்காவும் தம்பியும் கொஞ்ச நாளைக்கு முகம் கொடுத்துப் பேசிக்கொள்ள மாட்டார்கள். அந்த யோசனை ஒரு நிமிடம் இனிப்பாகவே இருந்தது. அப்புறம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூல வரைபடத்தை விரிக்கச் சொன்னார்.

"இனிஷியல் என்ன?"

"எட்டு வருசமா கூட கீறேன், தெரியாதா சார்?" என்றான் எல்லப்பன். பிறகு, "மு. முனியன். எங்க நைனா பேரு" என்றான்.

'விளக்கம்: மு. எல்லப்பன்' என்று எழுதினார். மை உலரும்வரை இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரைந்தவர் இடத்தில் இருந்த தன் பெயரைவிட இந்தப் பெயர் ஒரு இழை கூடுதல் அழகாக விழுந்துவிட்டதாக ஜானகிராமனுக்குப் பட்டது. சில வருடங்களுக்கு முன் எழுதியது சற்று மங்கியும் இருந்தது. தன் பெயரின்மேல் இன்னொரு முறை பேனாவை ஓட்டலாமா என்று பார்த்தார். எல்லப்பன் பார்த்துக்கொண்டிருந்தான். பேனாவை மூடிவிட்டார்.

அன்று சாயங்காலம் ஞானம்பாள் தட்டைப் பார்த்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"ரெண்டு பேருக்கு" என்றார்.