பரிசலில் உட்கார வைத்த சிரிப்பு

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கிற பதினான்கு டூரிஸ்ட் பஸ்களும் என்னுடையவை. அவை நிற்கிற ஷெட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது பாறை வந்தது. மேஸ்திரி வேறு இடம் பார்க்கச் சொன்னார், நான் பாறையை உடைத்தேன். அரூரில் ஒரு கிளை திறந்தேன். கடத்தூரில் திறந்தபோது, “மஞ்சளும் தக்காளியும் விக்கிற ஊருல எவன் ஊட்டிக்குப் போவான்?” என்று சிரித்தார்கள். இப்போது மே மாதம் அங்கே முன்கூட்டிச் சொல்லி வைக்காதவர்களுக்கு சீட் கிடையாது. முதல் பஸ்ஸை நானே ஓட்டினேன், நானே கழுவினேன், திருச்செந்தூரில் கொதிக்கிற மணலில் அதன் அடியில் படுத்து ஸ்பிரிங் பட்டை மாற்றினேன். இந்தியும் தெரியாமல் ஆங்கிலமும் தெரியாமல் காசி வரைக்கும் ஜனங்களைக் கூட்டிப்போய், அவரவர் வீட்டு வாசலில் திரும்ப இறக்கியிருக்கிறேன். கிழவிகள், கைக்குழந்தைகள், வழியில் கோபித்துக்கொண்டு இறங்கிப் போன மாப்பிள்ளைகள், எல்லோரையும்தான். இத்தனை வருஷத்தில் ஒருவரையும் நான் தொலைத்ததில்லை. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

இப்போது என் மகன் கப்பல் சுற்றுலாவுக்கும் ஆள் சேர்க்கிறான். கப்பலுக்குள்ளேயே நீச்சல் குளம், சறுக்குமரம், பிள்ளைகள் விளையாட ஒரு தனி மாடி. கம்பெனி ஆண்டு விழாவுக்கு ஒரு மலர் போடுவதற்காகவும், கப்பலுக்கு விளம்பரம் செய்வதற்காகவும் பெங்களூரிலிருந்து ஒரு தம்பியை வரவழைத்திருந்தான். அந்தத் தம்பி திரையில் படம் படமாகப் போட்டுக் காட்டிச் சொன்னார்: “டிக்கெட் வாங்கறது அப்பா சார். ஆனா முடிவு பண்றது அம்மா. அந்த அம்மா கப்பலைப் பாக்க மாட்டாங்க. அதுல இருக்கிற குழந்தையோட முகத்தைத்தான் பாப்பாங்க.”

“தம்பி, இத நான் ஒம்போது வயசுலயே கண்டுபுடிச்சிட்டேன்” என்றேன். வயசானவர்கள் பேசும்போது ஆட்டுகிற மாதிரி தலையை ஆட்டினார்.

திரையில் கப்பலின் மேல்தளத்தில் ஒரு பெண்குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அதன் கண்கள் சற்றே பக்கவாட்டில் போயிருந்தன. “இந்தப் புள்ள யாரப் பாத்துச் சிரிக்குது?” என்று கேட்டேன். கேமராவைப் பார்த்து என்றார். “கேமராவுக்குப் பக்கத்துல யாரு நிக்கறா?” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. “அப்பா, அவரு வேலையப் பாக்கட்டும் உடுங்க” என்றான் மகன். விட்டுவிட்டேன். ஆனால் எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் யாரோ நிற்கிறார்கள். நானும் அப்படி நின்றவன்தான்.

என் அப்பா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டினார். அப்போதெல்லாம் மூங்கில் பிளாச்சில் முடைந்து மாட்டுத்தோல் போர்த்திய பரிசல்தான். ஆட்களை இறக்கிவிட்டு, அதைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு பாறைவழியாக நடந்து வருவார். தூரத்திலிருந்து பார்த்தால் ஆமை எழுந்து நடப்பது போலிருக்கும். கோடை விடுமுறையில் சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். பரிசல்காரர்கள் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொள்வார்கள். என் மாமா, அம்மாவின் தம்பி, வாயாலேயே ஆற்றைக் கடக்க வைத்துவிடுவார். என் அப்பாவுக்கு அந்தப் பேச்சு வராது. துடுப்பை ஊன்றிக்கொண்டு சும்மா நிற்பார். வந்த ஆம்பளைகள் ஏறலாம் என்பார்கள், பொம்பளைகள் தோலைத் தொட்டுப் பார்த்து, “புள்ளைங்கள வச்சிக்கிட்டு இதுல எப்படிங்க?” என்று பின்வாங்குவார்கள். சாயங்காலம் வரைக்கும் அப்பாவின் பரிசல் நனையாமல் கிடந்த நாட்கள் உண்டு.

ஒருநாள் என் தங்கச்சி கரையோரம் கட்டிக் கிடந்த பரிசலுக்குள் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஐந்து வயது. நான் எதிரே பாறைமேல் நின்று, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எனக்கு அடிக்கடி கொடுக்கிற தண்டனையை அவளுக்கு நடித்துக் காட்டினேன். இரண்டு காதையும் மாற்றிப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு சேலத்துக் குடும்பம் வந்தது. அந்த அம்மா பரிசலைப் பார்க்கவில்லை, தங்கச்சியைப் பார்த்தாள். “இத்தினியூண்டு புள்ளயே பயப்படாம உக்காந்துகிட்டு சிரிக்குது பாருங்க” என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, தானே முதலில் ஏறினாள்.

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து தங்கச்சியை நான் உட்கார வைத்தேன். அப்பா சொல்லவில்லை, என் யோசனைதான். தலை வாரிவிட்டேன், முகம் கழுவிவிட்டேன், பேசக் கற்றுக்கொடுத்தேன். பொம்பளைகள் தயங்கினால், “வாங்க அத்தே, நான் புடிச்சிக்கறேன்” என்று அவள் தன் கையை நீட்ட வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை, தான் பிடித்துக்கொள்வதாகச் சொன்னால் எந்தப் பொம்பளை ஏற மாட்டாள்? வெயிலில் அவள் முகம் சுணங்கினால் நான் பாறைமேல் நின்று தோப்புக்கரணம் போடுவேன். உடனே சிரித்துவிடுவாள். ஒருதரம்கூடத் தவறியதில்லை.

“சப்பரத்துல சாமிய ஏத்துன மாதிரி ஏத்தி வச்சிருக்கறியேடா” என்று மாமா கேலி செய்தார். பத்து நாளில் அவரும் தன் பையனைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். அவன் அழுமூஞ்சி. வந்த குடும்பத்தையும் துரத்திவிட்டான். அழுகிற பிள்ளை இருந்தால் குடும்பம் இறங்கிவிடும், சிரிக்கிற பிள்ளை இருந்தால் ஏறிவிடும். இந்தத் தொழிலில் இதற்குமேல் எந்தப் படிப்பும் கிடையாது.

அந்தக் கோடையில்தான் பெங்களூரிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் காரில் வந்தார்கள். பிள்ளை இல்லாதவர்கள். மூன்று நாளும் எங்கள் பரிசலில்தான் போனார்கள். இரண்டாம் நாள் அந்த அம்மா தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டாள். ஊருக்குப் போனவர்கள் அடுத்த வாரமே துணிக்கடைப் பையோடு திரும்பி வந்தார்கள். அந்த அம்மா எங்கள் குடிசைக்கே வந்து, “மகூ, நம்ம மனெகெ பர்தியா?” என்று கன்னடத்தில் கேட்டாள். குழந்தே, எங்கள் வீட்டுக்கு வருகிறாயா என்று. படிக்க வைக்கிறோம், ஆடிப்பெருக்குக்குக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுகிறோம் என்றார்கள்.

அப்பா வழக்கம்போலத் துடுப்பை ஊன்றிக்கொண்டு நின்றார். அம்மா அப்போது மாசமாக இருந்தாள், இருமலும் இருந்தது. முதலில் முடியாது என்றாள். பிறகு, “வயிறு நெறையச் சோறு போடுவீங்களா?” என்று கேட்டாள். அந்த அம்மா, பெற்றவளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அது நடிப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த ஆள் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, விலாசம் இருக்கிறது என்று கொடுத்தார். அதை அப்பா என்னிடம் நீட்டினார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். காகிதம் முழுக்க இங்கிலீஷ் எழுத்து. எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உதட்டை அசைத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தேன்.

“படிச்சிட்டியாடா?” என்றாள் அம்மா.

“படிச்சிட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்குது” என்றேன்.

தங்கச்சிக்குப் புதுக் கவுன் போட்டுவிட்டார்கள். பூட்ஸ் அவளுடைய அகலப் பாதத்துக்குப் பொருந்தவில்லை, விந்தி விந்தி நடந்து காரில் ஏறினாள். பின்சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தியதும் அவளுடைய கீழுதடு துருத்திக்கொண்டு வந்தது. அந்த உதடு எனக்குத் தெரியும். அடுத்த நொடி அழுகை. கண்ணாடியில் கை வைத்து நின்ற அம்மாவும் அதைப் பார்த்துவிட்டாள். அவள் கை கதவின் பிடிக்குப் போனது.

பிள்ளை அழுதால் குடும்பம் இறங்கிவிடும். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நான் பக்கத்திலிருந்த பாறைமேல் தாவி ஏறி, இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

தங்கச்சி சிரித்தாள்.

அம்மா பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். “சிரிக்குது பாரு. போவட்டும்” என்றாள். கார் போய்விட்டது. வளைவு திரும்புகிற வரைக்கும் நான் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரை கொள்ளாத கூட்டம். வந்து நின்ற ஒவ்வொரு காரிலும் குனிந்து பார்த்தேன். அவர்கள் வரவில்லை. அடுத்த ஆடிக்கும் வரவில்லை. அப்பா அந்தக் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பெங்களூருக்குப் புறப்பட்டார். பென்னாகரம் பஸ்ஸில் கண்டக்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, “யோவ், இது துணிக்கடை ரசீதுய்யா. ஒரு கவுனு, ஒரு ஜோடி பூட்ஸு. வெலாசம் கடையோடது” என்றாராம். பையிலிருந்து தவறிப்போய் வேறு காகிதம் வந்ததோ, தெரிந்தேதான் கொடுத்தார்களோ, எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா அதற்கப்புறமும் போனார். கவுன் வாங்கியவர்களையெல்லாம் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று கடையில் சொல்லிவிட்டார்களாம்.

திரும்பி வந்தவர் என்னை அடிப்பார் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. ரசீதை என் கையில் கொடுத்துவிட்டுப் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆற்றுக்குப் போனார். “அந்தச் சிரிக்கிற பாப்பா எங்கே?” என்று பழைய குடும்பங்கள் கேட்டால், ஊருக்குப் போயிருக்கிறது என்பார். அதன்பின் எந்தப் பிள்ளையையும் அவர் பரிசலில் சும்மா உட்காரவிட்டதில்லை. நான் அந்த வருஷமே பள்ளிக்கூடத்தை விட்டேன். எனக்குப் படிப்பு ஏறவில்லை என்றுதான் இதுவரை எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

ஆனால் அந்த ரசீது விஷயம் தெரிகிறவரைக்கும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அழ இருந்தவளைச் சிரிக்க வைத்துக் காரில் அனுப்பினேன் என்று பையன்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். பாறைமேல் ஏறித் தோப்புக்கரணம் போட்டும் காட்டினேன். அவள் காரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பெங்களூரை நினைத்துச் சிரிக்கவில்லை, அண்ணன் எதிரே நிற்கிறான், எங்கே போய்த் திரும்பினாலும் இவன்தான் கரையில் நிற்பான் என்று நம்பிச் சிரித்தாள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

அம்மா சாகிறவரைக்கும் யார் துக்கம் விசாரித்தாலும் ஒரே பதில்தான் சொல்வாள். “எம்பொண்ணு அழுதுகிட்டுப் போவல. சிரிச்சிக்கிட்டேதான் போனா.” அதைச் சொல்லும்போது அவள் முகம் கொஞ்சம் தெளியும். பக்கத்தில் இருந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். அந்தச் சிரிப்பை வரவழைத்தது நான்தான் என்று அவளிடம் கடைசிவரைக்கும் சொல்லவில்லை.

என் பஸ்கள் பதினான்கின் பின்பக்கமும் ஒரு பெண்குழந்தை சிரிக்கிற படம் இருக்கிறது. பேத்தியா என்று கேட்பார்கள், சிலர் சாமி என்று தொட்டுக் கும்பிடுவார்கள். பெயிண்டர் வரைந்தார், ஜாடையைப் பக்கத்தில் நின்று சொன்னவன் நான். வாரத்துக்கு மூன்று வண்டியாவது பெங்களூர் போகிறபடி பார்த்துக்கொள்கிறேன். அங்கே அவளுக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

நேற்று மலரின் மாதிரிப் பிரதியைப் பேத்தி எனக்கு வாசித்துக் காட்டினாள். கம்பெனியின் அடையாளமான குழந்தைச் சிரிப்பு, பெங்களூர் விளம்பரத் தம்பியின் கற்பனை என்று போட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் இருக்கிற படத்தை அழித்துவிட்டுக் கப்பல் படத்தை ஒட்டப்போகிறார்களாம். ஒட்டட்டும், காலம் அப்படி. ஆனால் அந்த வரியை அடித்துவிட்டுத்தான் மலர் அச்சுக்குப் போக வேண்டும். அதில் வேறு யாருக்கும் பங்கில்லை. என் அப்பாவுக்கு இல்லை, பெங்களூர்க்காரர்களுக்குக்கூட இல்லை. அந்தச் சிரிப்பை உண்டாக்கியவன் நான். கடைசியாக அதை வரவழைத்தவனும் நான். என் பேரைப் போடுங்கள்.