கீறல் விழுந்த இடத்தில் ஒரு ட்யூபா

ஆர்க்கெஸ்ட்ராவில் ட்யூபா ஊதுகிறவரை யாரும் கவனிப்பதில்லை. அவ்வளவு பெரிய பித்தளை வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் உயிரைக் கொடுத்து வாசிக்க, இவர் நடுநடுவே 'பூம்' என்பார். சகாக்கள் அவருக்கு வைத்த பெயரும் அதுவே. அதில் தனக்கு வருத்தமே இல்லை என்று சொல்லிக்கொள்வார். நம்பாதீர்கள்.

அந்த வருஷம் அவருக்கு யோகம் அடித்தது. கடலோடு சண்டை போடும் ஒரு கலங்கரை விளக்கக்காரனின் கதையைப் பாட்டுப் பாட்டாகச் சொல்லும் பழைய ராக் ஆப்பரா ஆல்பம் ஒன்றை, முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றி அமைத்தார்கள். அதில் எலெக்ட்ரிக் கிடார் தனியாகக் கதறுகிற இடம் ட்யூபாவுக்கு வந்தது. பூமுக்குத் தலைகால் புரியவில்லை. சின்ன வயதில் அவரும் அக்காவும் தரையில் படுத்துக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்த ஆல்பம் அது. அக்கா முதல் ஆளாக டிக்கெட் வாங்கிவிட்டாள்.

வினை அங்கேதான் இருந்தது. அவர்கள் வீட்டு ரெக்கார்டில் சரியாக அந்த இடத்தில் ஒரு கீறல். கிடார் இறங்கி வரும் ஐந்து சுரங்களும் மூன்று தடவை சுற்றிய பிறகுதான் ஊசி மேலே நகரும். ஒத்திகையில் பூமின் விரல்களும் அப்படியே சுற்றின. வயலின்காரர்கள் எங்கேயோ போய்விட்டார்கள், இவர் மட்டும் புறப்பட்ட இடத்திலேயே நின்றார்.

"என்ன சார், கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி?" என்றார் கண்டக்டர். தான் சொன்னது எத்தனை உண்மை என்று அவருக்கே தெரியாது. மறுநாளும் அதே கூத்து. "நாளைக்கும் இப்படின்னா டிராம்போனுக்குக் குடுத்துடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினார்.

"கண்டக்டர்னா நடுவழியில இறக்கி விடத்தானே செய்வாரு," என்றாள் அவள்.

"அக்கா வந்து பாக்கும்போது நான் வெறும் பூம்னு உக்காந்திருக்கணுமா?"

அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. "சரி, ஊதுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

ஐந்தாவது சுரம் முடிந்ததும் இடுப்பில் நறுக்கென்று ஒரு கிள்ளு. "போதும், மேல போங்க!" மறுபடி ஊதினார், மறுபடி கிள்ளினாள். பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் இடுப்பு சிவந்தது, விரல் திருந்தியது. மறுநாள் ஒத்திகையில் கண்டக்டர் டிராம்போன் பேச்சையே எடுக்கவில்லை.

கச்சேரியில் அந்த இடம் வந்தபோது பூமின் இடுப்பு தானாக நெளிந்தது. ஐந்து சுரங்கள், ஒரே தடவை, அடுத்ததற்குத் தாவிவிட்டார். ட்யூபா அழுமென்று அதுவரை அந்த அரங்கில் யாருக்கும் தெரியாது. கண்டக்டர் அவரை மட்டும் தனியாக எழுந்து நிற்கச் சொல்லிக் கைகாட்ட, கைதட்டல் பொழிந்தது. மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெளியே கார்கள் நிற்கும் இடத்தில் அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் கண்ணெல்லாம் ஈரம்.

"பிச்சு உதறிட்டடா," என்றாள். பிறகு யாருக்கும் கேட்காதபடி காதோடு, "ஒரே ஒரு எடத்துலதான் தப்பு விட்டுட்ட. பரவால்ல, யாரும் கவனிக்கல."

"எங்க, அக்கா?"

"இறங்கி வருதே, அது மூணு தடவ வரணும்டா. மறந்துட்டியா?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். பூம் பெட்டியைத் திறந்து ட்யூபாவை வெளியே எடுத்தார். போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் நின்று பார்க்க, அந்த இடத்தை மூன்று தடவை சுற்றி ஊதினார்.

"ஆங்," என்றாள் அக்கா, "இப்பதான் சரி."