பீலியில் ஒரு காவிக்கோடு

மட்கிப்போன வேப்பிலை மழையில் ஊறும்போது ஒரு வாடை வரும். கசப்பும் புளிப்பும் கொஞ்சம் செத்த எலியும் கலந்த அந்த வாடை நகக்கண்ணில் ஏறிவிட்டால், எந்தச் சோப்புக்கும் மசியாமல் சோற்றோடு சேர்ந்து வயிற்றுக்குள்ளும் போய்விடும். புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் அந்த வாடை என் கையிலிருந்துதான் வரும். பீலி அள்ளுவது என் வேலை. என் எடைக்கு ஓடு உடையாது என்பது குடும்பத்தின் நம்பிக்கை. என் உடம்பில் அதுவரை யாரும் கண்டுபிடித்திருந்த ஒரே திறமை அதுதான்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே இருந்த எங்கள் ஊரில், தாத்தா தம் இரண்டு மகன்களுக்கும் ஒட்டினாற்போல் இரண்டு ஓட்டு வீடுகள் கட்டி, நடுவில் ஒரே ஒரு மண்சுவர் வைத்தார். இரண்டு கூரையும் அந்தச் சுவரை நோக்கியே சரியும். சுவரின் தலையில் நீளவாக்கில் பதித்திருந்த அகலமான தகர வாய்க்காலைத்தான் 'பீலி' என்போம். இரண்டு வீட்டு மழையும் அதில் விழுந்து, கொல்லைப் பக்கத்திலிருந்து ஓடி வந்து, தெருவில் கொட்டும்.

நான் பிறப்பதற்கு முன்பே அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. காரணம் ஓர் ஆடு என்று இரண்டு வீட்டிலும் சொல்வார்கள்; ஆனால் ஆளுக்கொரு ஆட்டைச் சொல்வார்கள். பாகம் பிரிக்க வந்த ஊர்ப் பெரியவர்கள், நிலம், கிணற்று முறை, அம்மி, உரல் எல்லாவற்றையும் பிரித்து முடித்த பிறகும் அடங்காத உற்சாகத்தில் பீலியையும் பிரித்துவிட்டார்கள். பின்பாதி அப்பாவுக்கு, முன்பாதி பெரியப்பாவுக்கு; நட்டநடுவில் காவிக்கல்லால் ஒரு கோடு. தண்ணீருக்கு மட்டும் இந்தத் தீர்ப்பை யாரும் சொல்லவில்லை.

"கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு இலையைத் தொட்ட, காலை ஒடிச்சிருவேன்" என்று அப்பா ஒவ்வொரு வருடமும் ஏணியைப் பிடித்துக்கொண்டே சொல்வார். எனக்கு என் கால்மேல் பிரியம் அதிகம். ஆகையால் கோட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே நிறுத்திவிடுவேன். பெரியப்பாவும் ரோஷக்காரர். தம்பியின் குப்பையில் தம் கை பட்டுவிடக்கூடாதென்று, தெருப்பக்கமிருந்து அள்ளிக்கொண்டு வந்து, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் அவரும் நிறுத்திவிடுவார். மூன்று நான்கு வருடங்களாக மழை பேருக்குத் தூறிவிட்டுப் போனதால், இந்த நாகரிகத்தின் விளைவு யாருக்கும் தெரியாமலே இருந்தது.

அந்த வருடம் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஈரக்காற்று படக்கூடாதென்று, தாயையும் பச்சைக் குழந்தையையும் நடுச்சுவரை ஒட்டிய அறையில் படுக்க வைத்திருந்தார்கள். முந்தின வாரம்தான் கீழத்தெருவில் ஒரு மண்சுவர் ஊறிச் சரிந்து, கட்டிக்கிடந்த பசு செத்துப்போயிருந்தது. அதிலிருந்து அம்மா அடிக்கடி அந்தச் சுவரைத் தடவிப் பார்ப்பாள், காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுவது போல. கரிசல்காரனுக்கு மழை வேண்டும். ஆனால் அது விதைப்புக்காட்டில் பெய்ய வேண்டும், வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்விட வேண்டும்.

அது சுற்றிக்கொண்டு போகவில்லை. அப்பா விதைப்புக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், கிழக்கே கருத்து, ஓடுகள் பொரிவது போலச் சத்தம் போட ஆரம்பித்தன. கொஞ்ச நேரத்தில் அறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏலே, சுவரு வேர்க்குதுலே."

நானும் பார்த்தேன். சுண்ணாம்புப் பூச்சில் மேலிருந்து ஒரு கறை கைவிரல்களைப் போலக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா எழ முடியாமல் பிள்ளையை அணைத்துக்கொண்டு சுவரையே பார்த்தாள். வெளியே கொண்டுபோகலாமென்றால் தாழ்வாரமெல்லாம் சாரல். அம்மா ஒரு தேங்காய்ச் சிரட்டையை என் கையில் திணித்து, "மேல போயி என்னன்னு பாருலே, ஓடு" என்றாள்.

ஏறிப் பார்த்தேன். எங்கள் பாதி பீலி குளமாகி நின்றது. தண்ணீர் தகரத்தின் விளிம்பைத் தாண்டிச் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சுத்தமான பீலி, அப்பழுக்கில்லாமல் அள்ளியவன் நான். என்ன செய்வதென்று தெரியாமல், இருந்த தண்ணீரைச் சிரட்டையால் மோந்து கூரைமேலேயே ஊற்றினேன். அது மரியாதையாக மறுபடியும் பீலிக்கே வந்து சேர்ந்தது. என் மூளை வேலை செய்ய எவ்வளவு நேரமாகும் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது.

அப்போது தெருப்பக்கமிருந்து ஓர் ஏணியின் தலை தெரிந்தது. பிறகு பெரியப்பாவின் தலைத்துண்டு. பிறகு கனத்த உடம்பு முழுதும். இடுப்பில் அரிவாளோடு பீலிக்குள் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து வந்தார். அவர் பாதியில் தண்ணீர் தேங்கவே இல்லை. கோட்டருகே வந்து நின்றார். எங்களிடம் பேசக்கூடாதே, முகட்டில் நனைந்து ஒடுங்கியிருந்த காக்கையைப் பார்த்துப் பேசினார்.

"ஏ காக்கா, ஒரு பொடியன் மழையை மோந்து மழைக்கே ஊத்துதான். அடைப்பு கோட்டுல கெடக்குன்னு அவங்கிட்ட சொல்லு."

நானும் காக்கையிடமே, "கோட்டைத் தாண்டுனா எங்கப்பா காலை ஒடிப்பாவ" என்றேன்.

"தாண்ட வேண்டாம்னு சொல்லு. இருந்த எடத்துல இருந்து கையை நீட்டச் சொல்லு. கைக்கு ஒருத்தனும் கோடு போடல."

கையை நீட்டினேன். காவிக்கோடு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. அவர் விட்ட ஒரு சாணும் நான் விட்ட ஒரு சாணும் சேர்ந்து, வருடக்கணக்கான இலையும் மண்ணும் இறுகி, ஓர் அணையாகியிருந்தது. அதன்மேல் ஓர் அரசங்கன்று முழங்கை உயரத்துக்கு வளர்ந்து, யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் செழிப்பாக ஆடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பிடித்து ஓங்கி இழுத்தேன்.

"ஏலே, இழுக்காத." பெரியப்பா காக்கையை மறந்து என்னிடமே கத்தினார். "வேரு சுவத்துக்குள்ள போயிருக்கு. புடுங்குனா சுவரும் சேந்துதாம்லே வரும். கீழ பிள்ளை கெடக்கு."

நான் கன்றை விட்டுவிட்டேன். அவர் கன்றைத் தூரோடு நறுக்கினார். நான் சிரட்டையால் சுரண்ட, அவர் கையால் வாரி எடுக்க, கீழேயிருந்து அம்மா, "கறை வளருதுலே, கறை வளருதுலே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சட்டென்று அணை நெகிழ்ந்தது. எங்கள் பாதிக் குளம் மொத்தமும் பெரியப்பாவின் மடியில் ஏறி இறங்கித் தெருவுக்குப் பாய்ந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பீலி வடிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "நின்னுட்டுலே" என்று அம்மாவின் குரல் வந்தது.

பெரியப்பா திரும்பினார். போகிறபோக்கில் மறுபடியும் காக்கையிடம் கேட்டார்: "பொம்பளப்பிள்ளையா?"

"ஆமா."

"நல்ல தொண்டை. எங்க வீட்டுல ராத்திரி ஒருத்தரும் உறங்கல" என்றபடி இறங்கிப் போனார்.

அப்பா வந்து கேட்டபோது, "தண்ணி தானா வடிஞ்சிட்டு" என்றாள் அம்மா. தெருவில் கிடந்த அரசங்கன்றை அப்பா காலால் புரட்டிப் பார்த்தார். அடுத்த புரட்டாசியில் ஏணியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "கோட்டுக்கு அங்கிட்டு ஒரு சாண் சேத்து அள்ளு. தெரியாம அள்ளுன மாதிரி அள்ளு" என்றார். நான் போய்ப் பார்த்தபோது, எங்கள் பக்கம் ஒரு சாண் ஏற்கெனவே தெரியாமல் அள்ளப்பட்டிருந்தது. அதற்கு மேல் அவர்கள் உறவு வளரவில்லை. சாகிறவரை பேசிக்கொள்ளவும் இல்லை.

இப்போது அங்கே இரண்டு காங்கிரீட் வீடுகள் நிற்கின்றன. நடுவில் ஆள் நுழைய முடியாத சந்து. அவரவர் மழைக்கு அவரவர் பிளாஸ்டிக் குழாய். நான் கோவில்பட்டியில் குடியிருக்கிறேன். வானம் லேசாக மங்கினாலே மொட்டைமாடிக்கு ஓடி, குழாய் வாயில் விரலை விட்டுப் பார்க்கிறேன். "மழை இன்னும் கயத்தாறே தாண்டல, அதுக்குள்ள இவிய ஏறிட்டாவ" என்று என் மனைவி கீழேயிருந்து சொல்வாள். அடுத்த வீட்டுக்காரர் நல்ல மனிதர். காலையில் பார்த்தால் வணக்கம், மாலையில் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்ற விசாரிப்பு. போன ஐப்பசியில் எங்கள் மாடியில் தண்ணீர் கட்டி, அறைக்குள் ஒழுகி, விடியும்வரை நானும் மனைவியும் வாளி வாளியாக எடுத்து ஊற்றினோம். காலையில் அவர் சிரித்த முகத்தோடு கேட்டார், "என்ன சார், ராத்திரி உங்க பக்கம் மழை உண்டா?"