அரை நிமிஷம் பிந்தி வந்த கெட்டிமேளம்

நேரலை என்று பெயர்தான். மண்டபத்தில் நடப்பது வெளிநாட்டில் இருப்பவர் போனுக்குப் போய்ச் சேர அரை நிமிஷம் ஆகும், அந்த அரை நிமிஷத்துக்காக வாங்குகிற ஏச்சுதான் எங்கள் தொழில். கல்யாண வீட்டில் ஒயர் சுருட்டியவர்கள், "என்னங்க, படம் சுத்திக்கிட்டே இருக்கு" என்று போனில் திட்டு வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், நாமெல்லாரும் கடைசிப் பந்தியில் ஒன்றாக உட்கார்ந்தவர்கள்தான். அவியல் தீர்ந்திருக்கும். ரசம் இருக்கும்.

என் வீட்டுக்காரர் தென்காசியில் வெகுகாலமாக வீடியோ கடை வைத்திருப்பவர். கல்யாணத்தை எடுத்து, மூன்று மாசம் வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துத்தான் கையில் கொடுப்பார். லைவைக் கொண்டுவந்தது என் மகன் செந்தில். சேனல் தொடங்கியதும் அவன்தான். அவருக்கு அது ஆகவில்லை. ஒரு கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் அவர் கேமராவிலிருந்த ஒயரைப் பிடுங்கி இவன் லைவுக்குச் சொருகிவிட்டான். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேர் முன்னாலும், "ஏலே, நீ ஒயர் சுருட்டத்தான் லாயக்கு" என்று அவர் சொல்லிவிட்டார். அடுத்த மாசம் அவன் மஸ்கட்டுக்கு விமானம் ஏறிவிட்டான்.

கூத்து என்னவென்றால், அவன் போன பிறகு கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் லைவ்தான் வேண்டும் என்றார்கள். மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டு வீட்டில் இருந்த நான், எட்டாம் வகுப்புப் படிப்போடு லேப்டாப் முன்னால் வந்து உட்கார்ந்தேன். அதில் எந்தப் பொத்தானும் எனக்கு எழுத்தால் தெரியாது, நிறத்தால்தான் தெரியும். செந்தில் வாரம் ஒருமுறை எனக்குப் போன் பண்ணுவான். "அப்பா சாப்ட்டாங்களா?" என்று கேட்பான். போனை அவரிடம் நீட்டினால், சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. அப்பனும் மகனும் ஒரு வார்த்தை பேசட்டும் என்பதைத் தவிர இலஞ்சிக் குமரனிடம் நான் வேறெதுவும் கேட்கவில்லை. தகப்பனுக்கே பாடம் சொன்ன பிள்ளை அவர். இந்த வழக்கு அவருக்குப் புதிதில்லை.

தட்டில் இருந்த தாலி

அச்சன்புதூரில் ஒரு கல்யாணம். பெண்ணின் தாய்மாமா சிங்கப்பூரில் இருந்தார், லீவு கிடைக்கவில்லை. அங்கே டிவியில் எங்கள் லைவைப் போட்டுக்கொண்டு, அது போதாதென்று பெண்ணின் அப்பாவோடு போனிலும் இருந்தார். இங்கே ஐயர் கை காட்டினார், கெட்டிமேளம் முழங்கியது. போன் வழியாக மேளச் சத்தம் அப்போதே சிங்கப்பூருக்குப் போய்விட்டது. அவர் டிவியிலோ தாலி இன்னும் தட்டில், ஒவ்வொருவரிடமாக ஆசி வாங்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. மனுஷர் பதறிவிட்டார். "அத்தான், தாலி தட்டுலல்லா இருக்கு, அதுக்குள்ள எதுக்கு அடிக்கானுவ, நிப்பாட்டச் சொல்லுங்க" என்று கத்தினார். தாய்மாமா வார்த்தை ஆயிற்றே. பெண்ணின் அப்பா ஒன்றும் யோசிக்காமல் இரண்டு கையையும் ஆட்டி மேளத்தை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை இரண்டாவது முடிச்சோடு அப்படியே நிற்கிறார்.

நான் ஓடிப்போய் அரை நிமிஷக் கதையைச் சொல்லி, மேளத்தை மறுபடி அடிக்க வைத்துவிட்டு வந்து பார்த்தால், லைவின் கீழே ஊர்ப்பட்ட பேர் "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். அதற்கு எங்கள் சேனல் பேரிலேயே பதிலும் போயிருந்தது: "ஒண்ணுமில்ல, மூணாவது முடிச்சும் விழுந்துட்டு. தைரியமா அட்சதை போடுங்க." வீட்டுக்காரர்தான் தன் போனிலிருந்து போட்டிருப்பார் என்று நினைத்தேன். இந்த மாதிரிப் பதில்களை முன்னாலும் பார்த்திருக்கிறேன். வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷர், எழுத்தில் இவ்வளவு பதமாகப் பேசுகிறாரே என்று எனக்கு உள்ளூரப் பெருமை. அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவார்.

சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது தவில்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். "யம்மா, அடுத்த கல்யாணத்துல சிங்கப்பூர்ல தாலி கட்டியாச்சான்னு கேட்டுச் சொல்லுங்க, அதுக்கப்புறம் அடிக்கேன்."

மரியாதைக்குப் பதில்

ராயகிரிப் பக்கம் ஒரு சடங்கு வீடு. வயசான விவசாயி ஒருவர் கேமரா முன்னால் வந்து நின்று, வெளிநாட்டில் இருக்கும் பேரனுக்குக் கை காட்டினார். அப்புறம் மெதுவாக நடந்து வந்து என் லேப்டாப்பைக் குனிந்து பார்த்தார். அதற்குள் அரை நிமிஷம் ஆகிவிட்டதால், திரையில் அவரே கை காட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவர், தானும் கையைத் தூக்கித் திரையைப் பார்த்து ஆட்டினார். தாத்தா, அது நீங்கதான் என்றேன். "யாரா இருந்தா என்ன தாயி, ஒரு மனுசன் மதிச்சுக் கை காட்டுதான், பதிலுக்குக் காட்டாம போனா நல்லாவா இருக்கும்?"

திறந்து கிடந்த மைக்

கடையநல்லூரில் ஒரு நிக்காஹ். பெண்ணின் தகப்பனார் சவூதியில். பெண்கள் இருக்கும் பக்கம் ஆண்கள் கேமராவோடு போகக் கூடாது என்பதால் அங்கே என்னைத்தான் நிறுத்தினார்கள். பெண்ணின் முகத்தை அவள் தகப்பனாருக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் காலையிலிருந்தே நெட் விட்டு விட்டு வந்தது. எனக்கு எந்த வேலை தொடங்கினாலும் சாமி கும்பிட்டுவிட்டுத் தொடங்கித்தான் பழக்கம். கண்ணை மூடி, "முருகா, இந்த நெட்டு அறாம பாத்துக்கோ. அங்கன ஒரு தகப்பன் மகளப் பாக்கக் காத்துக் கெடக்காரு. எம் பையனும் அப்படித்தான் எங்கயோ ஒத்தையில உக்காந்திருப்பான், அவனையும் பாத்துக்கோ" என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டேன். சட்டென்று பார்த்தால் மைக் திறந்து கிடக்கிறது. சவூதி, துபாய் எல்லாம் கேட்டிருக்கிறது.

இவர்கள் வீட்டு விசேஷத்தில் இப்படிச் செய்துவிட்டோமே என்று திரையைப் பார்த்தேன். வரிசையாக ஒருத்தர் கீழே ஒருத்தர் "ஆமீன்" என்று எழுதியிருந்தார்கள். அன்றைக்குப் பெண்ணின் தகப்பனார் மகளை முழுசாகப் பார்த்தார். பிரியாணியை என் கையில் கொடுத்தபடி பெண்ணின் அம்மா சொன்னார்: "எங்க வீட்டுக்காரங்கதான் மொத ஆளா ஆமீன் போட்டாங்களாம்க்கா. நெட்டு எதுக்குக் கட்டுப்பட்டுச்சோ, கடைசி வரைக்கும் அறுந்து போகவே இல்ல."

குற்றாலத்தில் குடை

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் லைவ் எடுத்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. லென்ஸைத் துடைத்துத் துடைத்து முந்தானை ஈரமாகிவிடும். மண்டபத்துக்குள் சிக்னல் கிடைக்காது. நெட் பெட்டியை மொட்டைமாடியில் வைத்து ஒயரை இறக்க வேண்டும். அன்றைக்கு மாலை மாற்றுகிற நேரம் பார்த்துச் சாரல் பிடித்துக்கொண்டது. படம் நின்றுவிட்டது. வீட்டுக்காரர் குடையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். தனக்குப் பிடிக்காமல் அந்தப் பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் திரும்ப வந்தபோது அவர் வேட்டியைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் வந்திருக்கும்.

பந்தி முடிந்ததும் பெண்ணின் பெரியப்பா, வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், போனும் கையுமாக எங்களிடம் வந்தார். படம் நின்றதற்குக் கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "எம் மக அமெரிக்காவுல இருந்து இத அனுப்பிருக்கா. ஒங்க ஆளு போட்ட பதிலப் படிச்சிட்டு அவளுக்குத் திட்டவே மனசு வரலையாம்" என்று சொல்லி, வாத்தியார் குரலில் எழுத்து எழுத்தாகப் படித்தார்: "சாரல் அடிக்கி. அப்பா மொட்டமாடில குட பிடிச்சிட்டு நிக்காங்க. சித்த பொறுங்க, வந்துரும்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "நீ போட்டியா?" என்றார். "நீங்க போடுதீங்கன்னுல்லா இத்தன நாளும் நெனச்சேன்" என்றேன். அவரும் இரண்டு வருஷமாக, நான்தான் போடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். வாத்தியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டு பேரும் போடலன்னா, ஒங்கள அப்பான்னு எழுத ஒலகத்துல வேற யாரு அண்ணாச்சி இருக்கா?"

இடதுபக்கம் கொஞ்சம்

சேனல் செந்தில் தொடங்கியது. அவன் போனில் அது அப்படியே இருந்திருக்கிறது, அவன் எழுதினாலும் எங்கள் சேனல் பேரில்தான் வரும். நாங்கள் போட்ட ஒவ்வொரு லைவையும் அவன் மஸ்கட்டில் இருந்து பார்த்திருக்கிறான். குடை விஷயம் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். குற்றாலம் என்றால் பெட்டியைப் பிடிப்பது அவன், குடையைப் பிடிப்பது இவர். அவன் இருந்த காலத்தில் அதுதான் வழக்கம். படம் நின்றால் அப்பா எங்கே நிற்பார் என்று அவனுக்குத் தெரியாதா?

குற்றாலத்திலிருந்து திரும்பும் வழியில் வீட்டுக்காரர் தென்காசி கோபுரம் தெரிகிற இடத்தில், "பழைய பதிலெல்லாம் அந்த லேப்டாப்புல இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் கடையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் படித்தார். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிற்று. நான் கூப்பிடவில்லை.

அடுத்த கல்யாணம் தென்காசியிலேயே. எப்போதும் நான்தான் மைக்கில் ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லிப் பார்ப்பேன். அன்றைக்கு அவர் என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். "ஏலே, சத்தம் வருதா?" என்றார். அப்புறம் நாங்கள் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். இத்தனை வருஷத்தில் அந்த அரை நிமிஷம் அவ்வளவு நீளமாக இருந்ததில்லை. நான் முருகா முருகா என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அரை நிமிஷம் போயிற்று. இன்னொரு அரை நிமிஷமும் போயிற்று. அவர் மைக்கைக் கீழே வைக்கப் போனார். அப்போது வந்தது: "வருதுப்பா. கேமராவ இடதுபக்கம் கொஞ்சம் திருப்புங்க, தூண் மறைக்கி."

அவர் அதை இரண்டு தடவை படித்தார். "அங்கன உக்காந்துட்டு எனக்குக் கேமரா பிடிக்கச் சொல்லித் தாரான் பாரு" என்று முணுமுணுத்தார். கேமராவிடம் போனார். கண்ணைத் துடைத்தாரா, லென்ஸைத் துடைத்தாரா, எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கேமராவை இடதுபக்கம் திருப்பிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இப்பச் சரியா இருக்கான்னு கேளு. இல்ல, நீ கேக்காண்டாம், மைக்கக் குடு."

இப்போது அவரவர் கைப்போனிலேயே லைவ் போட்டுக்கொள்கிறார்கள், எங்களைக் கூப்பிடுவது குறைந்துவிட்டது. ஆனாலும் லைவ் அரை நிமிஷம் பிந்துகிறது என்று யாராவது குறைபட்டுக்கொண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது, ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒரு பதில் வந்து சேர இரண்டு வருஷம் ஆயிற்று, அதுவும் தூண் மறைக்கிறது என்றுதான் வந்தது.