சுவிட்சைத் தட்டும் கைக்கு ஏற்ற கார்டு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ராடு தூக்கும் கூலியாகச் சேர்ந்து, சொந்த ரிக் வாங்கி, நாமக்கல் வட்டாரத்தில் நான் போர் போடாத ஊரே இல்லை என்னும் அளவுக்கு வந்தேன். இப்போது குழிக்குள் கேமரா இறக்கிப் பார்க்கும் வேலையும் செய்கிறேன். இந்தப் பக்கம் அதைத் துணிந்து வாங்கிய முதல் ஆள் நான்தான். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

கேமராவின் ஒயர் ஒரு சின்ன லேப்டாப்பில் வந்து சேரும். உள்ளே தெரிவதை அது படமாகப் பதிந்துகொள்ளும். வண்டி ஆடுகிற ஆட்டத்தில் இரண்டு ஹார்டு டிஸ்க் போய்விட்டதால், பிறகு மெமரி கார்டு போட்டே ஓட்டினேன். லேப்டாப்பின் பேட்டரியும் செத்துவிட்டது. கரண்டு லாரி பேட்டரியிலிருந்துதான்.

எருமப்பட்டியில் ஒரு விவசாயியின் போரில் பைப் உடைந்து மோட்டார் உள்ளே விழுந்துவிட்டது. பக்கத்தில் இரண்டு ஏக்கர் சின்ன வெங்காயம் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தது. உடைந்த முனையைப் படத்தில் பார்த்தால்தான் நாமகிரிப்பேட்டை லேத்துக்காரர் அதைப் பிடிக்கத் தோதான கொக்கி செய்து தருவார். கேமராவை இறக்கினேன். அருமையாகப் பதிந்தது. முடிந்ததும் வழக்கம்போல கேபினுக்குள் கைவிட்டு, பேட்டரியின் கரண்டை மொத்தமாக நிறுத்தும் கட்-ஆஃப் சுவிட்சைத் தட்டினேன். லாரித் தொழிலில் கை தானாகப் போகிற இடம் அது. லேப்டாப்பை மறுபடி திறந்தால், கார்டில் ஒன்றுமே இல்லை என்றது.

“ஏனுங்ணா, மறுக்கா ஒருவாட்டி எறக்கிப் பாத்தறலாமுங்களா?” என்றார் விவசாயி.

“கேமரா எறங்கி ஏறுனதுல தண்ணி கலங்கிப் போச்சு சாமி. தெளிய ரண்டு நாளு ஆவும். பொறுங்க.”

“நான் பொறுத்துக்குவனுங்ணா. வெங்காயம் பொறுக்கோணுமுங்களே.”

அந்தப் பேச்சு என்னைச் சேலத்துக்கு விரட்டியது. இரண்டு கடைகளில், கார்டு மட்டம், பெரிதாக வாங்குங்கள் என்றார்கள். மூன்றாவது, ஒரு மாதா கோயிலுக்கு எதிரே இருந்த சின்னக் கடை. ஒரு பெண் தனியாக நடத்துகிறார். அவர் கார்டைத் தொடவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

“லேப்டாப்ப எப்படி நிறுத்துவீங்க ஐயா?”

“சுவிட்சத் தட்டுவேன்.”

“லேப்டாப் சுவிட்சா?”

“லாரி சுவிட்சு அம்மிணி.”

சிரிப்பை அடக்கிக்கொண்டார். “இனிமே தட்டாம இருப்பீங்களா?”

“நாப்பது வருசமாத் தட்டற கையி இது.”

“அப்ப கைய விட்ருவோம். கார்ட மாத்துவோம்.”

எத்தனையோ இன்ஜினியர்களைப் பார்த்திருக்கிறேன். ஆளைத் திருத்தப் பார்க்காமல் ஆளுக்கு ஏற்றபடி பொருளைத் திருத்தியவர் அவர் ஒருவர்தான்.

எது எங்கே இருக்கிறது என்று கார்டு நினைவு வைத்துக்கொள்ள ஒரு முறை உண்டாம். கோப்பு முறைமை என்று பெயர். அதில் பல வகை. என் கார்டில் இருந்தது பழைய வகை, எந்தக் கருவியும் படிக்கும். ஆனால் எழுதும்போது கரண்டு போனால் எல்லாம் குழம்பிவிடும். இன்னொரு வகை, செய்யப் போவதை முதலில் ஓர் ஓரத்தில் குறித்துக்கொண்டு, பிறகுதான் செய்யும். நடுவில் நின்றாலும், திரும்ப உயிர் வந்ததும் குறிப்பைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும்.

எனக்கு உடனே பிடிபட்டது. “ராடு எறக்கறதுக்கு முந்தியே சாக்பீஸ்ல கோடு போட்றோணும். எறக்கிட்டுப் போடக் கூடாது. நடுவுல டீ குடிக்கப் போனாலும் எத்தன ராடு உள்ள போச்சுன்னு கொழப்பம் வராது. என் வண்டில அதுதான் சட்டம்!”

“அதேதாங்க ஐயா,” என்றார், கண்ணை அகல விரித்து. “ஆனா ஒண்ணு. எழுத எழுத இந்தக் கார்டு தேயும். இதுல எழுத்து அதிகம். அதனாலயே நிறையப் பேர் வேண்டாம்பாங்க.”

“தேஞ்சா வேற கார்டு வாங்கிக்கலாம். தெளிஞ்ச தண்ணிய எங்க வாங்கறது?”

அந்த வகையையே போட்டார். தேய்மானம் குறைய, ஒரு கோப்பைத் திறந்து படித்த நேரத்தையெல்லாம் குறித்து வைக்கிற வேலையை நிறுத்தினார். படம் ஒவ்வொரு நிமிடத் துண்டாக விழும்படியும் செய்தார். தேர்ந்தெடுத்தது நான், போட்டுக் கொடுத்தது அவர்.

மூன்றாம் நாள் எருமப்பட்டியில் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. கேமரா இறங்கியது, உடைந்த முனை தெரிந்தது, மேலே ஏற்றினோம். நான் கேபினுக்குள் கைவிட்டேன்.

டப்.

“அய்யோ, அண்ணா!” விவசாயி தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். சுவிட்சை மறுபடி போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து இரண்டு மூன்று வரி ஓடியது. பிறகு வந்து நின்றன துண்டுகள், ஒன்றன் கீழ் ஒன்றாக. கடைசித் துண்டு மட்டும் இல்லை. அதில் குழிவாயும் என் செருப்பும்தான் இருந்திருக்கும்.

படத்தைப் பார்த்து லேத்துக்காரர் அன்றைக்கே கொக்கி செய்தார். மறுநாள் மோட்டார் மேலே வந்தது. வெங்காயப் பாத்தியில் தண்ணீர் பாய்வதைப் பார்த்துவிட்டுச் சேலத்துக்குப் போன் போட்டேன்.

“படம் அழியாம நின்னுச்சு அம்மிணி.”

“சுவிட்சத் தட்டிட்டீங்களா ஐயா?”

“ஆமா.”

“தெரியும். தட்டலைன்னாத்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.”